ஓதக் கோட்டுக்கு மேலா, கீழா? கடற்கரையில் கூடாரம் அடிப்பதன் சட்டமும் பொறுப்பும்

2025 மே 21 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், இங்கிலாந்தின் டார்ட்மூர் பொது மேய்ச்சல் நிலங்களில் நில உரிமையாளரைக் கேட்காமலேயே மக்கள் கூடாரம் அடித்து இரவு தங்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கின் நடுவில் இருந்தது ஒரு சொற்றொடர்தான். அந்த நிலங்களில் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’க்காக மக்கள் நுழையலாம் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது, அந்தச் சொற்றொடருக்குள் இரவுத் தூக்கமும் அடங்குமா என்பதே கேள்வி. அடங்கும் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு அந்த மேட்டுநிலத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் மட்டுமே பொருந்தும். கடற்கரைக்கு அதிலிருந்து எந்த உரிமையும் பிறக்கவில்லை. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி கடற்கரைக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. ஓர் இடத்தில் நடமாட உரிமை இருந்தால், அங்கே இரவைக் கழிக்கவும் உரிமை உண்டா? கடற்கரையைப் பொறுத்தவரை இதற்கான விடை, கடல்நீர் ஏறி நின்று திரும்பும் ஒரே கோட்டைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. சட்டம் அந்தக் கோட்டை எல்லையாகக் கொள்கிறது, நீர் அந்தக் கோடு வரை வருகிறது, கரையின் உயிர்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே குடியிருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கூடாரம் அடிக்க எஞ்சும் இடம் எவ்வளவு குறுகியது என்பது தெரியும்.

சில சொற்கள்

வைல்ட் கேம்பிங் என்பது, கட்டணம் வாங்கி இடம் ஒதுக்கும் முகாம் தளங்களில் தங்காமல், கழிப்பறை, குடிநீர், காவல் எதுவும் இல்லாத இயற்கையான இடத்தில் சொந்தக் கூடாரத்தில் தங்குவது. வண்டிக்குள் படுத்துறங்குவதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் இதிலிருந்து தனியாகப் பிரித்து, வேறு விதிகளின் கீழ் வைத்திருக்கின்றன. கூடாரத்துக்குக் கிடைக்கும் சலுகை வண்டிக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஓதம் என்பது நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறுவதும் இறங்குவதும். ஏறி நிற்கும் மட்டம் கரையில் தொடும் கோடு உயர் ஓதக் கோடு. வற்றி நிற்கும்போது தொடுவது தாழ் ஓதக் கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தை ஓத இடைநிலம் என்று இக்கட்டுரை குறிப்பிடும். ஒரு நாளில் சில மணி நேரம் அது கடல், சில மணி நேரம் அது தரை.

கரை யாருடையது?

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் தொகுக்கப்பட்ட ரோமானியச் சட்டநூல், காற்று, ஓடும் நீர், கடல் ஆகியவற்றுடன் கடற்கரையையும் எல்லோருக்கும் பொதுவானவற்றின் வரிசையில் வைத்தது. கரை எது என்பதற்கும் அது அளவு சொன்னது: குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை எதுவரை ஏறுமோ, அதுவரை கரை. அந்தக் கரையில் ஒதுங்குவதற்கு ஒரு குடில் போட்டுக்கொள்ளவும் வலைகளை உலர்த்தவும் யாருக்கும் உரிமை உண்டு என்றும் அதே நூல் சொல்கிறது. கடற்கரையில் தங்கும் உரிமையைப் பற்றிய எழுத்து வடிவச் சட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். அங்கே ஒதுங்கும் குடிலும் வலையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். கடலை நம்பிப் பிழைப்பவரின் தேவையை ஒட்டியே அந்த உரிமை சொல்லப்பட்டிருக்கிறது.

பிற்காலச் சட்டங்கள் இந்தப் பொதுவுடைமையைப் பல வகையில் சுருக்கின. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஓத இடைநிலத்தில் ஏறத்தாழ பாதி அரசுடைமை நிறுவனமான கிரவுன் எஸ்டேட்டின் கையில் இருக்கிறது. மீதி உள்ளாட்சிகளிடமும் தனியாரிடமும் அறக்கட்டளைகளிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1959இலும் ஆரிகன் மாநிலம் 1967இலும் உலர்ந்த மணற்பரப்பிலும் மக்கள் நடமாடும் உரிமையைச் சட்டமாக்கின. பல நாடுகளில் உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே அரசு நிலம், மேலே தனியார் நிலமோ உள்ளாட்சி நிலமோ இருப்பதே பொதுவான அமைப்பு.

இந்த அமைப்பின் விளைவைக் கூடாரக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். எந்த நிலம் ஐயமின்றிப் பொதுநிலமோ, அந்த நிலம் இரவில் நீருக்குள் போய்விடும். எந்த நிலம் இரவில் உலர்ந்து கிடக்குமோ, அதற்குப் பெரும்பாலும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். ‘கடற்கரை எல்லோருக்கும் சொந்தம்தானே’ என்ற வாதம் இந்த இடத்தில்தான் பிடி இழக்கிறது.

நடக்கும் உரிமையும் தங்கும் உரிமையும்

இந்த இரண்டையும் சட்டங்கள் எப்படிப் பிரிக்கின்றன என்பதற்கு நான்கு மாதிரிகளைக் காட்டலாம்.

1. தங்கும் உரிமையையும் சேர்த்தே தரும் நாடுகள். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், ஓத இடைநிலம் உட்படப் பெரும்பாலான நிலங்களில் பொறுப்புடன் நுழையும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அதன் நடத்தை விதித்தொகுப்பு, சிறு எண்ணிக்கையில், எளிய கூடாரங்களுடன், ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் மட்டும் தங்குவதை ஏற்கிறது. நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்க வேண்டும். ஊர்களை ஒட்டிய பகுதிகளில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இரண்டு இரவுகளுக்கு மேல் ஓரிடத்தில் இருக்க முடியாது. சுவீடனில் இயற்கைக்குள் நுழையும் உரிமை 1994 முதல் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

2. தடை இல்லாதவரை அனுமதி. நியூசிலாந்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி நிலங்களில் தங்குவதை, அந்த உள்ளாட்சி துணைவிதி இயற்றித் தடுக்காதவரை அனுமதிக்கிறது. வண்டி போகும் இடத்திலிருந்தோ, பெரிய ஓத நாட்களின் சராசரித் தாழ் ஓதக் கோட்டிலிருந்தோ 200 மீட்டருக்குள் தங்குவது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று அது அளவும் சொல்கிறது. ஆகவே அங்கே போகிறவர் முதலில் தேட வேண்டியது உள்ளூர்த் துணைவிதியை.

3. நடக்கலாம், தங்க முடியாது. இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டம் கடலோரப் பாதையையும் அதை ஒட்டிய கரைகளையும் மக்களுக்குத் திறந்துவிட்டது. அந்த உரிமையில் கூடாரம் சேரவில்லை. நடக்கலாம், உட்காரலாம், சாப்பிடலாம். தங்க வேண்டுமானால் உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

4. வெளிப்படையான தடை. ஸ்பெயினின் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம், கரையை மக்களின் பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டு, அதே கரையில் முகாமிடுவதையும் அனுமதியற்ற வண்டிகள் ஓடுவதையும் நிற்பதையும் தடைசெய்கிறது. முரண்பாடாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் கூடாரம் அடித்த இடத்தை அந்த நேரத்துக்கு வேறு யாரும் பயன்படுத்த முடியாது. பொதுநிலத்தின் ஒரு துண்டு தனியிடமாக மாறிவிடுகிறது.

முதல் வகை நாடுகளிலும் உரிமை நிபந்தனையோடுதான் வருகிறது. அது மீறப்பட்டால் சுருங்கும். ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரித் தேசியப் பூங்காவில், கரைகள் குப்பையாலும் நெருப்பாலும் சேதமானதைத் தொடர்ந்து, 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை குறிப்பிட்ட கரைப்பகுதிகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்க முடியாது என்ற துணைவிதி வந்தது. சிலர் விட்டுப்போன குப்பைக்காக, ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் உரிமையின் ஒரு பகுதியை இழந்தார்கள். விதிகளைவிடப் பொறுப்பைப் பற்றி இக்கட்டுரை அதிகம் பேசுவதற்கு இந்த அனுபவமே காரணம்.

எந்த நாடானாலும் விசாரிக்க வேண்டிய வரிசை ஒன்றுதான்: நிலம் யாருடையது, அது காப்பிடமா, உள்ளாட்சியின் துணைவிதி என்ன சொல்கிறது, இந்தப் பருவத்துக்கு மட்டும் தனித் தடை இருக்கிறதா. அறிவிப்புப் பலகை இல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. உப்புக்காற்றில் பலகைகள் நெடுநாள் நிற்பதில்லை.

நீர் எதுவரை ஏறும்?

பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் இடைவெளி உண்டு. மாலை 8 மணிக்கு நீர் வற்றிக் கிடந்தால், அகலமான மணற்பரப்பு ஆளை அழைக்கும். அடுத்த ஏற்றம் பின்னிரவு 2 மணியைத் தாண்டி, ஆழ்ந்த உறக்கத்தில் வரும். நாளுக்கு நாள் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்றைய கணக்கை வைத்து இன்று படுக்க முடியாது. மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளைப் போல நாளுக்கு ஒரே ஏற்றம் வரும் கரைகளும் உண்டு. அந்தந்தக் கரைக்கான ஓத அட்டவணையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீர் ஏறும் வேகமும் சீராக இருப்பதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1 என்று ஏறும் என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. அதாவது நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் வந்துவிடும். ஓத வேறுபாடு 4 மீட்டராக இருக்கும் ஒரு கரையில், 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவு இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் நீர் 2 மீட்டர் உயரும், கரைமேல் 100 மீட்டர் முன்னேறும். முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘மெதுவாகத்தான் வருகிறது’ என்று முடிவுக்கு வருவது ஆபத்து.

முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரும். இரண்டுக்கும் சேர்த்து ‘உவா’ என்ற ஒரே சொல் தமிழில் இருக்கிறது. நிலவு முழுதாக இருப்பது வெள்ளுவா, மறைந்திருப்பது காருவா. கூடாரக்காரருக்கு மிகவும் உதவும் சொல் இது. நிலவே தெரியாத இரவிலும் கடல் பெருகும் என்பதை அது நினைவூட்டுகிறது.

அட்டவணையில் இல்லாதவையும் உண்டு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். கரை நோக்கிய காற்று அதை இன்னும் தள்ளும். எங்கோ தொலைவில் வீசிய புயலின் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த வானின் கீழ் வந்து கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள்.

தங்கும் இடத்தைக் கண்ணால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கரையில் கடல் ஒதுக்கிய பாசி, சிப்பி, குச்சி எல்லாம் ஒரு வரியாகக் கிடக்கும். பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். கீழ்வரியின் பாசி இன்னும் ஈரமாக, கையில் எடுத்தால் வழுக்கும். அது கடைசி ஏற்றம் தொட்ட இடம். மேல்வரியின் பாசி கறுத்துக் காய்ந்து, விரலிடையில் நொறுங்கும். கிளறினால் மணல்தத்திகள் என்ற சிறு உயிர்கள் துள்ளும். அது முந்தைய உவாவோ புயலோ தொட்ட இடம். மேல்வரிக்கும் மேலே ஒரு சாண் மணலைத் தோண்டிப் பார்த்து, அடிவரை உலர்ந்திருந்தால் மட்டுமே அந்த இடத்தைப் பற்றி யோசிக்கலாம். இருபுறமும் பாறை சூழ்ந்த சிறு விரிகுடாக்களிலும் செங்குத்துப் பாறைகளின் அடியிலும், மேலேறும் வழி இல்லையென்றால், எவ்வளவு உலர்ந்திருந்தாலும் தங்கக் கூடாது. நீர் வழியை அடைப்பது ஒரு பக்கம், பாறை உதிர்வது மறுபக்கம். ஆற்று முகத்துவாரத்தின் மணல்திட்டும் அப்படித்தான். மேலே பெய்த மழை கீழே தெரியாது.

கோட்டுக்கு மேலே குடியிருப்பவை

நீருக்குப் பயந்து மேலே போனால் மணல்மேடு வருகிறது. காற்றுக்கு மறைவாக, மெத்தை போல இருப்பதால் கூடாரத்துக்கு அதுவே சிறந்த இடம் என்று தோன்றும். உண்மையில் கரையில் மிக எளிதில் உடையக்கூடியது அதுதான். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துபவை வெப்பமண்டலக் கரைகளில் அடும்பும் இராவணன் மீசைப் புல்லும், குளிர்ந்த கரைகளில் மேரம் புல்லும். ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலைகொண்ட அடும்பின் கொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைத்துக்கொண்டே போகிறது. ஒரு கூடாரத்தின் அடித்துணி அதன்மேல் இரண்டு நாள் கிடந்து, நான்கு பேர் போய்வந்து மிதித்தால், கொடி அறுந்து மணல் திறந்துவிடும். திறந்த மணலைக் காற்று அள்ளும். பள்ளம் தானாகவே பெரிதாகும். பின்னால் உள்ள ஊர்களைப் புயல் அலையிலிருந்து காப்பது இந்த மேடுதான் என்பதால், இந்தச் சேதத்தின் விலையைத் தங்கியவர் அல்லாத வேறு யாரோதான் கொடுக்கிறார்கள்.

மேட்டுக்கும் ஓதக் கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டை, கடலாமைகள் முட்டையிடும் இடம். ஆமை கரையேறிய தடம் டிராக்டர் சக்கரத் தடம்போல இருபுறமும் வரிவரியாகத் தெரியும். முட்டைக்குழி மூடப்பட்டிருப்பதால் மேலிருந்து ஒன்றும் தெரியாது. முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மணலின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சமமாகப் பிறக்கும். அதற்கு மேல் போனால் பெண் குஞ்சுகள் கூடும். அவ்வளவு நுட்பமான ஒரு குழியின் மேல் நெருப்பு மூட்டுவதும் முளை அடிப்பதும் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பொரிந்த குஞ்சுகள் இருண்ட மேட்டை விட்டு விலகி, தாழ்வான, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல். கூடாரத்தின் வெள்ளை விளக்கு அவற்றைத் தரைப்பக்கம் இழுத்துவிடும். முட்டையிட வந்த தாய் ஆமையும் வெளிச்சத்தையோ நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பக்கூடும். முட்டையிடும் பருவத்தில் அத்தகைய கரைகளில் தங்காமல் இருப்பதே சரி. தங்க நேர்ந்தவர் சிவப்பு விளக்கை, தரை நோக்கி, தேவையான நிமிடத்துக்கு மட்டும் எரிக்க வேண்டும்.

உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவைகள் கூடு கட்டுவதே இல்லை. மணலில் ஒரு கையகலக் குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் சில முட்டைகள். ஒரு சிறு பறவை சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால், முட்டை காலடிக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே வந்த வழியே திரும்ப வேண்டும். நாம் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது.

நெருப்பும் கழிவும்

அனுமதி உள்ள கரையிலும் திறந்த நெருப்பைத் தவிர்த்து எரிவாயு அடுப்பைப் பயன்படுத்துவதே நல்லது. கரை ஒதுங்கிய மரக்கட்டை பல உயிர்களின் உறைவிடம்; உப்பு ஊறிய கட்டையை எரித்தால் அதிலுள்ள குளோரின் காரணமாக டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகின்றன. ஈரக் கற்கள் சூடேறினால் வெடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு, கனலை மணலால் மூடுவது. மணல் கனலை அணைப்பதில்லை. போர்வைபோல வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. மேலே சாம்பலும் தெரியாது, புகையும் வராது. மறுநாள் காலையில் வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை அதன்மேல்தான் கால் வைக்கும். கனல்மேல் நீரை ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று உறுதியான பிறகே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். காற்றுக்கு அஞ்சி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மனிதக் கழிவைப் பொறுத்தவரை, காடுகளில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டிப் புதைக்கும் வழக்கம் இங்கே பயன்படாது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் அளவுக்கு மணலில் இல்லை; காற்றும் அலையும் சில நாட்களில் அதை வெளியே கொண்டுவந்துவிடும். மூடிய பையில் கட்டி எடுத்துச் செல்வதே முறையான வழி. மட்கும் சோப்பு என்று விற்கப்படுவதும் மண்ணில்தான் மட்கும்; கடலில் கலக்கும் ஓடைகளிலிருந்து 60 மீட்டராவது தள்ளியே கழுவ வேண்டும்.

கரையில் வேலை செய்பவர்கள்

பொழுதுபோக்க வந்தவருக்குக் காலியாகத் தெரியும் கரை, மீனவருக்கு வேலைத்தலம். படகு இறங்கும் தடம், வலை இழுக்கும் இடம், காயவைக்கும் இடம் எல்லாம் விடியலுக்கு முன்பே தேவைப்படும். இருட்டில் வலையை இழுத்துக்கொண்டு வருபவர் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்தால், பொறுப்பு கூடாரம் அடித்தவருடையது. மாலையிலேயே கரையில் இருப்பவர்களிடம் எங்கே தங்கலாம் என்று கேட்டுவிடுவது மரியாதை மட்டுமல்ல. நீர் எதுவரை ஏறும் என்பதற்கு அட்டவணையைவிட நம்பகமான விடையும் அவர்களிடமிருந்தே கிடைக்கும்.

கிளம்பும்போது

தாமதமாக வந்து, விடிந்ததும் கிளம்புவது கரையில் தங்குவோர் கடைப்பிடிக்கும் பழைய ஒழுங்கு. தளர்ந்த மணலில் சாதாரண முளைகள் நிற்காது என்பதால், பைகளில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவார்கள். அந்தக் குழிகளை மூடாமல் போவது பலரும் குற்றமாகவே நினைக்காத ஒரு குற்றம். முழங்கால் ஆழக் குழி ஆமைக்குஞ்சுக்கு ஏற முடியாத கிணறு; அதில் விழுந்தது விடிவதற்குள் வெளியே வராவிட்டால் நண்டுக்கோ பறவைக்கோ வெயிலுக்கோ இரையாகும். பொருள்களைக் கரையிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய்வருவதும் கூடாது. ஆளில்லாத கூடாரத்தையும் துணிகளையும் காண்பவர், ஒருவர் கடலில் போய்விட்டார் என்று எண்ணி மீட்புப் படையை அழைக்கக்கூடும். அங்கே தேடிக்கொண்டிருக்கும் படகு அந்த நேரத்தில் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கும் இன்னொருவரிடம் போய்ச் சேர முடியாது.